சுவரைப் பார்த்த நாற்காலி

சாக்பீஸ் கீச்சிடும் சத்தம் கேட்டதுமே அவள் அண்ணன் பெருமூச்சு விட்டான்.

காலையில் போன கல்லூரியில் சாக்பீஸ் என்ற பேச்சே இல்லை. சுவர் நீளத்துக்குத் தொடுதிரை, ஏசி அறை, வீட்டிலிருந்து ஒரே பஸ்.

கணக்கு ஆசிரியர் பயிற்சிக்கு அந்தக் கல்லூரியிலும் இந்தக் கல்லூரியிலும் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். எங்கே சேருகிறாள் என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அதற்குமுன் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருந்தார்கள்.

காலையில் பாடம் எடுத்த மாணவன் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினான். இதை இங்கே கொண்டுவந்தால் இது போய்விடும், அப்போது இது இதற்குச் சமம் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை.

பள்ளிக்கூடம் முழுக்க அவள் கேட்ட கணக்கு இதுவும் அதுவும்தான். வீட்டுக்கு வந்து, எது எது என்று அண்ணனை நச்சரித்துத்தான் தேறினாள்.

கணக்கு டீச்சரா, நீயா என்று சித்தப்பா இழுத்த இழுப்பு இன்னும் காதில் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது.

இங்கே மின்விசிறி முனகியது. பெஞ்சில் யாரோ காம்பஸ் முனையால் கீறிய பள்ளம் அவள் விரலில் தட்டுப்பட்டது.

அண்ணன் குனிந்து கிசுகிசுத்தான்.

“பேராசிரியர் அம்மா கடைசி வரிசைல, போர்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பாத்து உக்காந்திருக்காங்க. அவங்களுக்கே பிடிக்கல போல. இதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணுமாக்கும்.”

பாடம் எடுக்க வந்த மாணவியின் குரல் நடுங்கியது. இதுவும் இதுவும் சமம் என்று ஆரம்பித்தாள்.

“எதும்மா? எனக்கு இங்க சுவருதான் தெரியுது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. சாக்பீஸ் கீச்சிடுவதும் நின்றது.

மாணவி சொல் தேடுகிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் யாரும் எதையும் தேடவில்லை.

மாணவி மெதுவாக மறுபடி தொடங்கினாள். ஒரு முக்கோணம். அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நீளம். உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்குகிறேன். அது அடிக்கோட்டைச் சரிபாதியாக வெட்டுகிறது.

பின்னால் காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் கூடவே வந்தது.

வகுப்பு முடிந்ததும் அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. பேராசிரியரிடம் போய்க் கேட்டேவிட்டான். இங்கே எல்லோருக்கும் இதே முறைதான் என்றார் அவர். காதில் விழுவதை மட்டும் வைத்து அவர் வரைவார். அந்தப் படமும் பலகையில் உள்ள படமும் ஒத்துப்போனால்தான் மார்க்.

அண்ணன் திரும்பி வந்து அதை அப்படியே அவளிடம் சொன்னான். அந்த முக்கோணம் அவளுக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தது, நடுவில் ஒரு கோட்டோடு.

ஆபீஸ் இன்னும் மூடியிருக்க மாட்டார்கள், அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றான் கடைசியில், அவனாகவே.

அவள் பையிலிருந்து வெள்ளைக் கோலை எடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, தரையில் ஊன்றினாள்.

“அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்? ஒழுங்கா சொல்லுண்ணா. இனிமே நீ பேசறதுக்கும் மார்க் உண்டு.”