வெள்ளைக்கரு மிச்சம்

“வெள்ளைக்கரு மிச்சமாயிடுச்சு, வீணாப் போகுதேன்னு செஞ்சோம்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துடுங்க அத்தை.”

மருமகள் சொலேன் தட்டை நீட்டியதும் ஓதில் அம்மாளுக்குச் சுருக்கென்றது.

தட்டு நிறைய ஃபினான்சியே. தங்கக் கட்டி வடிவத்தில் குட்டிக் குட்டிப் பாதாம் கேக். வெண்ணெயைச் சிவக்க உருக்கிய வாசனை இன்னும் சமையலறையை விட்டுப் போகவில்லை.

“யாருக்கு?”

“கீழ் வீட்டு முசியே மார்ஷாலுக்கு.”

“ஏம்மா, பெண்டாட்டியப் பறிகொடுத்துட்டுத் தனியா இருக்கிற மனுஷன். அவருக்குப் போய் மிச்சத்தையா குடுப்பே? அப்படியே குடுத்தாலும் மிச்சம்னு சொல்லியா குடுப்பாங்க? கேக்குக்குப் பேரு பணக்காரர் பேரு, குடுக்கிற மனசுல மட்டும் இவ்வளவு பஞ்சமா!”

சொலேன் சிரித்தாள். “நான் சொன்னதை மட்டும் அப்படியே சொல்லுங்க அத்தை. ஒரு வார்த்தை மாத்தாதீங்க.”

ஓதில் அம்மாளின் வீட்டுக்கு வண்ணம் பூசுகிறார்கள். அதனால் இந்த வாரம் நான்சி நகரத்தில் மகன் வீட்டு வாசம். இதுவரை மருமகளிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் கிண்ணம் நிறையக் கஸ்டர்டு. மாமியாரைத் தலையில் வைத்துத் தாங்குகிறாள் என்று மெட்ஸில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாகிவிட்டது.

‘எனக்கு விருந்து, அந்த மனுஷனுக்கு மிச்சமா?’ படி இறங்கும்போதே மனசு ஆறவில்லை. குடும்ப மானத்தைத் தானே காப்பாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள்.

கதவைத் திறந்த முசியே மார்ஷாலின் சட்டை தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆனால் கழுத்துப் பொத்தானைப் போட்டும் காலர் தொளதொளத்தது. தட்டைப் பார்த்ததும் கை தானாக முன்னால் வந்தது.

“உங்களுக்குன்னே என் மருமக மெனக்கெட்டுச் செஞ்சது முசியே! பாதாம்கூட முதல் தரம்.”

வந்த கை பின்னால் போய்விட்டது.

“மன்னிக்கணும் மேடம். எனக்காக யாரும் சிரமப்பட வேணாம். நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கறதில்லை.”

கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

போன தட்டு அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்ததும் சொலேன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்திச் சொல்லிட்டீங்களா அத்தை?”

“கௌரவமா இருக்கட்டுமேன்னு…”

“அந்தம்மா போனதுலேருந்து அவருக்கு ரொட்டியும் காபியும்தான். சூப் குடுத்தேன், திருப்பி அனுப்பிட்டார். கோழி குடுத்தேன், அதுவும் திரும்பி வந்துடுச்சு. பாதி ஆளாயிட்டார் அத்தை. ஒரு நாள் வெள்ளைக்கரு மிச்சம்னு இதைச் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். ‘சாப்பிடற பொருள வீணாக்கக் கூடாதும்மா’ன்னு வாங்கிக்கிட்டார். பட்டினி பார்த்து வளர்ந்தவர். மிச்சம்னாதான் அவருக்குத் தொண்டையில இறங்கும். இனிமே எதைச் சொல்லி நான்…”



ஓதில் அம்மாளுக்கு ஆடிப்போய்விட்டது. நல்லது செய்கிறேன் என்று போய் ஒரு மனிதரின் வாயில் மண்ணையல்லவா போட்டுவிட்டோம்! தட்டைத் தூக்கிக்கொண்டு, முட்டிவலியையும் மறந்து, மறுபடி கீழே ஓடினாள். மணியெல்லாம் அடிக்கவில்லை, கதவைத் தட்டினாள்.

“முசியே, நான் பொய் சொல்லிட்டேன்!”

பாதி திறந்த கதவுக்குள் அவர் விழித்தார்.

“உங்களுக்குன்னு ஒண்ணும் செய்யல. இது மிச்சம்! சொல்ல வெட்கமா இருந்துச்சு. என் மருமக எனக்கு தினம் கஸ்டர்டு செஞ்சு போடறா. நானும் கிண்ணம் கிண்ணமா உள்ள தள்ளறேன். மஞ்சக்கரு பூரா என் வயித்துல. வெள்ளைக்கரு கேப்பாரில்லாமக் கெடக்கு. நீங்க வாங்கலைன்னா குப்பைக்கூடைதான்!”

“குப்பைக்கூடையா?” கிழவர் பதறிவிட்டார். “பாதாமும் வெண்ணெயும் போட்டதையா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன மேடம்?”

வாசலில் நின்றபடியே ஒன்றைக் கடித்தார். கண் மூடிக்கொண்டது. தூள் காலரில் உதிர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“ஓரம் மொறுமொறுன்னு இருக்கு” என்றவர், கொஞ்சம் இருமிவிட்டு, “நாளைக்கும்… மிச்சமாகுமா?” என்று கேட்டார்.

“ஆகும் ஆகும், நான் இருக்கிற வரைக்கும் ஆகும்!”

சாப்பாட்டு மேசையில் இதையே நடித்துக் காட்டினாள் ஓதில் அம்மாள். “நல்லவேளை, நிஜத்தைச் சொன்னேனோ தப்பிச்சோம். எனக்குப் பொய் சொல்லவே வராதும்மா.”

சொலேன் உதட்டைக் கடித்துக்கொண்டு கஸ்டர்டுப் பாத்திரத்தைக் கொண்டு வந்து வைத்தாள்.

மகன் ரெமி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “மறுபடியும் கஸ்டர்டா? கீழ் வீட்டுக்காரருக்குக் கேக் செய்யணும்னு முட்டையா உடைச்சுத் தள்ளற, மிஞ்சற மஞ்சக்கருவை மாசக்கணக்கா எங்க தலையில கட்டற. அம்மா வந்திருக்கிற இந்த வாரமாவது அவங்களுக்குன்னு வேற ஏதாவது செய்யக் கூடாதா?”

வாய்க்குப் போன கரண்டி பாதியில் நின்றது. ஓதில் அம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். சொலேனுக்குக் காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

“அடிப்பாவி! அப்போ விருந்தாளி அவரு, இத்தனை நாளா மிச்சத்தைத் தின்னது நானா?”

முதலில் தோள் குலுங்கியது. பிறகு மேசையே குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கிண்ணத்தை மருமகள் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா. நாளைக்கு அவருக்கு வெள்ளைக்கரு மிச்சமாகணுமே!”