அபராதம் ரத்து

“ரோட்டோரமா விழுந்து கிடந்தாங்க மேடம். சுத்தி நின்னவங்க எல்லாம் பார்த்துக்கிட்டேதான் இருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல” என்றபோது இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டின் குரல் தழுதழுத்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார். நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கியவர்கள் முறையிட வரும் அறை அது. காலையிலிருந்து அவர் கேட்ட சாக்குப்போக்குகளை மூட்டை கட்டினால் அந்தக் கட்டடம் கொள்ளாது. ஆனால் இதற்கு மட்டும் அவர் குறுக்கே பேசவில்லை.

ஏஜெண்ட் மிச்சத்தையும் சொன்னார். வயதான அம்மா, நெற்றியில் அடி, எழுந்து நிற்க முடியவில்லை. தன் கைக்குட்டையால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி, எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். கட்டுப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாராம். திரும்பி வந்து பார்த்தால் வண்டியில் சீட்டு ஒட்டியிருந்ததாம்.

“அவங்க ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார் அதிகாரி.

“சொன்னாங்க மேடம். ‘என் பொண்ணுக்குச் சொல்லிடாதேப்பா, பயந்துடுவா’ன்னு வழியெல்லாம் அதையேதான் சொன்னாங்க.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீட்டை வாங்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘ரத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள், போய்விடாதீர்கள் என்றார். ஏதாவது முத்திரை குத்த வேண்டியிருக்கும் என்று ஏஜெண்ட் நினைத்துக்கொண்டார்.

வாயை முதலாகப் போட்டுப் பிழைப்பவர் அவர். யாராக இருந்தாலும் அவரவர் அம்மாவை ஞாபகப்படுத்திவிட்டால் கல்லும் கரையும் என்பது தொழிலில் கற்ற பாடம். உண்மையில் அன்றைக்கு வண்டியை விட்டுவிட்டு அவர் போனது சலூனுக்கு, தலைக்குச் சாயம் அடித்துக்கொள்ள.

அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சலவைக்கடை வேன் டிரைவர். சற்று முன்பு பொழுது போகாமல் ஏஜெண்ட் பேச்சுக் கொடுத்தபோது அவர்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இருவருக்கும் சீட்டு விழுந்தது ஒரே தெருவில், ஒரே நாளில். துவைத்து மடித்த விரிப்பு ஒன்றை எடுத்துக் காயத்தில் அழுத்தினாராம் டிரைவர்; ஏஜெண்ட் அதைக் கைக்குட்டையாக மாற்றிக்கொண்டார். அபராதம் உறுதியானால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று கடை முதலாளி சொல்லியிருக்கிறாராம். நியாயமாக விசாரித்தால் விட்டுவிடுவார்கள் என்று டிரைவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஏஜெண்ட்டை உள்ளே கூப்பிட்டார்கள்.

சலூன் கதை எடுபடாது. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்.

“விட்டுட்டாங்களா சார்?” என்று டிரைவர் இப்போது கேட்டார். ஏஜெண்ட் தலையாட்டினார். டிரைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் நல்ல மனுஷிதான் என்று சொல்லி, சட்டைக் காலரை நீவி விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. முதலில் டிரைவரின் குரல் தணிவாகக் கேட்டது. ஏஜெண்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கதை டிரைவருடையது என்பதை அவர் மறந்துவிடவில்லை. டிரைவரும் உள்ளே போய் அதையேதான் சொல்வார் என்பதைத்தான் சுத்தமாக மறந்து போயிருந்தார்.

பிறகு அதிகாரியின் குரல் எழுந்தது. “பெஞ்சில உக்காந்து கேட்டதை அப்படியே வந்து ஒப்பிக்கிறியா? யாரோ செஞ்ச புண்ணியத்தை நீ செஞ்சதா சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?”

தன்னை ‘சார்’ என்றும் ‘நீங்க’ என்றும் பேசிய அதே வாய். ஏஜெண்ட்டுக்குக் காது மடல் வரை கொதித்தது. எழுந்து போய்க் கதவைத் தள்ளி, ‘அவர் சொல்றதுதான் நிஜம்’ என்று சொன்னால் போதும். பாதி எழுந்தார். ரத்தான சீட்டும் போகும், மானமும் போகும் என்று தோன்றியது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் வெளியே வந்தார். சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏஜெண்ட் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒன்றும் புரியாத திகைப்புதான் இருந்தது. பணத்தைக் கட்டியே ஆகணும்னுட்டாங்க சார் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

“அன்னிக்கு நீங்களும் ஒரு அம்மாவைத் தூக்கிட்டுப் போனீங்களா சார்?”

ஏஜெண்ட் தரையைப் பார்த்தார். அந்த மனிதர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. சொல்லிவிடுவது என்று ஒருவழியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

அதற்குள் கதவு திறந்தது. அதிகாரியே எழுந்து வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. டிரைவரை ஏறிட்டும் பார்க்காமல் அவரைத் தாண்டி வந்து, ஏஜெண்ட்டின் முன்னால் நின்று, கைபேசியை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

“எங்கம்மா லைன்ல இருக்காங்க சார். உங்க குரலை ஒரு தடவை கேக்கணுமாம்.”