செவலையின் இருமல்

"இருமுற குதிரைய யாராவது கடற்கரை மணல்ல ஓட்டுவாங்களா? உங்க தாஹா ஓட்டுறாராம். ஊரே பார்த்துட்டு வந்து சொல்லுது" என்றாள் மனைவி முருகம்மாள்.

மருதுபாண்டிக்குச் சுருக்கென்றது.

குதிரைவண்டிப் பந்தயத்துக்குப் பழக்க அவர் ஆசையாக வாங்கிய மூன்று வயதுக் குதிரை செவலை. வந்த சில நாளிலேயே பிடித்த இருமல், ரெண்டு மாசமாகியும் விடவில்லை. கால்நடை டாக்டர் அனிட்டா வாரா வாரம் காலையில் வந்து ஊசி போட்டுவிட்டு, "ஓட மட்டும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பந்தய வண்டி ஓட்டும் தாஹாவோ, பத்து நாளாகப் பொழுது சாயும்போது செவலையை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார். திரும்ப எட்டு மணி ஆகிறது.

மருதுபாண்டி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

தாஹா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் செவலை காற்றுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"இங்கன என்ன வேலை தாஹா?"

"சும்மா நடக்க வச்சேண்ணே. கொஞ்சம் காத்தாட நிக்கட்டும்னு."

"காலையில காத்து அடிக்கலையா? ஆறு மணிக்குத்தான் அடிக்குதா?"

தாஹா செவலையின் பிடரியைத் தடவினார்.

"எனக்குத் தெரியாம ஓட்டிப் பாக்குறே. ஊசியில இப்பத்தான் இருமல் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு, அதையும் கெடுத்துறாத. நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"சரிண்ணே." தாஹா கயிற்றை அவர் கையில் கொடுத்தார். "சாயங்காலம் மட்டும் யாரையாவது விட்டு வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"அதை நான் பார்த்துக்கிறேன்."

நாலே நாளில் இருமல் முன்னைவிட மோசமானது. செவலை தீவனத்தைத் தொடவில்லை. மருதுபாண்டி பதறிப்போய் போன் போட, அனிட்டா முதல்முறையாகச் சாயங்காலத்தில் வந்தார்.

கொட்டகை வாசலிலேயே அவருக்கும் இருமல் வந்துவிட்டது. உள்ளே ஒரே புகை. நடுவில் மருதுபாண்டி குத்தவைத்து உட்கார்ந்து, சட்டியில் வேப்பிலையும் தேங்காய் நாரும் போட்டு ஊதிக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா இது?"

"கொசுவுக்கும்மா. செவலை வந்ததுலருந்து ஒரு நாள் தவறினதில்ல. அடுத்தவங்ககிட்ட விடுறதில்ல, என் கையாலதான்."

அனிட்டா செவலையை அவிழ்த்து வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

"நான் காலையிலயே வந்துட்டுப் போனதால இது தெரியாமப் போச்சு. தப்பு என்மேலதான். குதிரைக்குப் புகை ஆகவே ஆகாதுங்கய்யா. இருமலுக்கு இதுதான் காரணம்."

மருதுபாண்டி சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் கவிழ்த்தார்.

மறுநாளே கொட்டகையைச் சுற்றிக் கொசுவலை வந்தது. காய்ந்த புல்லையும் தூசி பறக்காமல் நனைத்துப் போட்டார்கள். மூன்றாவது வாரம் செவலை தொட்டியை உதைத்துத் தீவனம் கேட்டது. ஆறாவது வாரம் ஓடலாம் என்றார் அனிட்டா.

அன்றைக்கே மருதுபாண்டி கீழக்கரைக்குப் போய் தாஹா வீட்டு வாசலில் நின்றார்.

"வண்டி பூட்டணும். வாரியா?"

"வாரேண்ணே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் தாஹா.

அபிராமத்துப் பந்தயத்தில் செவலை மூன்றாவதாக வந்தது. முதல் பரிசு வாங்கியவரைவிட மருதுபாண்டிதான் அதிகமாக ஆடினார். துண்டு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. ஆடி ஓய்ந்து, தாஹாவை ரோஸ்மில்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"புகைதான் காரணம்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

தாஹா தயங்கினார். "தெரியும்ணே."

"அப்புறம் ஏன் சொல்லல? வாய்க்கு வந்ததெல்லாம் பேசி அனுப்புனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் ரெண்டு தடவ கொட்டகை வரைக்கும் வந்தேன். கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட ஊதிக்கிட்டு, 'கொசு கடிச்சிருச்சா தங்கம்'னு அதுகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு வாய் வரலைண்ணே."