இரண்டு சதவீதத் துண்டு

"கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட வரும்மா," என்றார் நகைக்கடைக்காரர்.

மகளுக்கு எடுத்த தாலிக்கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த செண்பகவல்லி நிமிர்ந்தாள். "அது பேங்க்காரன் உங்ககிட்ட வாங்கறது. எங்க தலையில ஏன் கட்டறீங்க? ஒரு பைசா கூடத் தர மாட்டேன்."

"கோபப்படாதீங்க. நாங்களே பாத்துக்கறோம்."

சிரித்தபடி கொடியைக் கேட்டு வாங்கியவர், மேசைக்கு அடியிலிருந்து கத்தரியை எடுத்தார். நறுக்கென்று ஒரு சத்தம். கொடியின் நுனி தட்டில் விழுந்தது. மீதிக் கொடியைத் தராசில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

செண்பகவல்லியின் கை தன் கழுத்துக் கொடியை இறுகப் பற்றியிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் தட்டில் கிடந்த துண்டையே பார்த்தாள்.

"இப்ப கணக்கு சரியா இருக்கும்மா," என்று அவர் மெஷினை நீட்டினார். "பின் நம்பர் போடுங்க."