முழங்கைக்குள் இன்னொரு இடுக்கி

ஆபரேஷன் முடிந்து காயம் ஆறியும் அப்பாவால் முழங்கையை நீட்ட முடியவில்லை. உள்ளே உதிர்ந்து கிடந்த எலும்புத் துணுக்குகளை எல்லாம் எடுத்தாயிற்று, இனி வலி மனதில்தான் என்றார் டாக்டர். கையை நீட்ட முடியாவிட்டால் லேத் பட்டறையில் அப்பாவுக்கு வேலை இல்லை. அம்மா விடவில்லை.

“வலி அவர் மனசுல இல்லைங்க, முழங்கையிலதான் இருக்கு. ஆபரேஷன் அப்ப நீங்க எடுத்த படத்தைப் போடுங்க, நாங்களும் பாக்குறோம்.”

டாக்டர் சலிப்போடு போட்டார். தோலில் இரண்டு துளைகள் இட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றதில் இடுக்கியையும் நுழைத்திருந்தார். திரையில் வெள்ளையாக ஒரு சிறு குகை தெரிந்தது. இடுக்கி ஒரு துணுக்கைப் பிடித்து வெளியே கொண்டுபோனது. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு இடுக்கி வந்து, அதே இடத்தில் ஒரு துணுக்கை வைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது.

“அன்னைக்கு இது திரையில வரலைம்மா. அந்தப் பக்கம் நாங்க துளையே போடலை,” என்றார் டாக்டர்.

“அப்ப அது யார் கை? என் புருஷன் முழங்கை என்ன சத்திரமா, ஆளாளுக்கு வந்து போக?”

“வாடகையாவது கேட்டிருக்கலாம்,” என்றார் அப்பா.

“நீங்க சும்மா இருங்க!”

எனக்கும் கோபத்தில் காது சுட்டது.

படத்தின் முடிவில் டாக்டரின் இடுக்கி வெளியேறியது. திரை கலங்கியது. மற்ற இடுக்கி கடைசித் துணுக்கையும் அழுத்தி வைத்தது. பிறகு கேமராவின் அருகே வந்து, எங்களுக்கு நன்றாகத் தெரியும்படி அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டது.