கெங்கம்மாளின் ஊறல்

பள்ளிகொண்டாவுக்கு வெளியே, கெங்கம்மாளின் கொட்டகை முன்னால் மதுவிலக்கு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"ரோட்டு வரைக்கும் பீர் நாத்தம் தூக்குது. எத்தினி பானை ஊறல் போட்டிருக்கே?" என்றார் எஸ்.ஐ.

"பானை இல்ல சார், நாப்பது மூட்டை. எத்தனால் கம்பெனிக்குன்னு போட்ட மக்காச்சோளம். எந்த வருஷமும் இல்லாம மாசியில மழை அடிச்சு ஊத்திச்சு. ஈரம் ஜாஸ்தின்னு கம்பெனியில திருப்பி அனுப்பிட்டாங்க. தானா புளிச்சு நாறுது."

மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ சாராய ஊறல்னு போன் பண்ண பேமானி எவன்?"

"நான்தான் சார். பயிர் இன்சூரன்ஸுக்கு வந்து பாருங்கன்னு ஒரு மாசமா கூப்பிடறேன், ஒருத்தரும் வர்ல. மழையில கெட்டுப்போனதைக் கண்ணால பார்த்தேன்னு நீங்களாவது ஒரு வரி எழுதிக் குடுங்க."