தூக்கணாங்குருவி பின்னிய அலகுமூடி

கோழிச்சளி பரவியபோது தூக்கணாங்குருவி எல்லாருக்கும் புல்லால் அலகுமூடி பின்னிக் கொடுத்தது. செவலைக்கோழியும் அதை மாட்டிக்கொண்டுதான் குஞ்சுகளை மேய்த்தது. ஒருநாள் பருந்தின் நிழல் தரையில் விழுந்தது. கோழி அடித்தொண்டையிலிருந்து கத்தியது. சத்தம் மூடியைத் தாண்டவில்லை. கடைக்குட்டி முதுகு இறகுகளைப் பறிகொடுத்துத்தான் தப்பியது.

கோழி கொதித்துப்போய்க் குருவியின் பனைமரத்தடிக்கு வந்தது. குருவி இறங்கி வந்தது.

"கோபப்படாதே அக்கா. நோய் துளிகூட உள்ளே நுழையாது. சுரைக்காயில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தானே கொடுத்தேன்!"

"சுரைக்காய்க்கு மூச்சு முட்டுமாடா? கூப்பிடுவதற்கு அதற்குக் குஞ்சு இருக்கிறதா? எனக்கு மூடியும் வேண்டும், என் குரலும் வேண்டும். நீ ஒரு தடவை மாட்டிப் பாரேன்!"

சொன்ன கையோடு, அங்கே கிடந்த சின்ன மூடி ஒன்றைக் குருவியின் அலகில் மாட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, துணை தேடும் பெண்குருவி ஒன்று குருவி கட்டிய கூட்டைப் பார்க்க வந்தது. குருவி கத்திக் கத்தி அழைத்தது. வந்தவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கூட்டில் ஆளில்லை என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் பறந்துவிட்டாள்.

குருவி மூச்சிரைக்க மூடியைப் பிய்த்தெறிந்தது. பிறகு நீளமான புல் ஒன்றை எடுத்துக்கொண்டு கோழியின் முன்னால் வந்து நின்றது.

"அலகை நன்றாகத் திற அக்கா, அளவெடுக்கணும்."

கோழி முறைத்தபடியே அலகைத் திறந்தது.